சுருக்கம் விழாத முகம்

அவள் முகம் நாளுக்கு நாள் மெருகேறிக்கொண்டு வந்த அந்த ஆறேழு மாதத்தில்தான் நோய் உள்ளே குடியேறிக்கொண்டிருந்தது. அடுத்தவர் முகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் எங்கள் இருவருக்கும் பிழைப்பு. அப்படியிருந்தும் எனக்குத் தெரியவில்லை. அழகாகிக்கொண்டு வருகிறாள் என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் பொறாமைகூடப் பட்டேன்.

நாங்கள் ஒரே பயிற்சி வகுப்பில் படித்தவர்கள். படிப்பு முடிந்ததும் சேர்ந்தே ஒரு பார்லர் வைத்தோம். மருந்துக் கடைக்கு மேலே மாடியில் ஒரே அறை, இரண்டு நாற்காலி, சுவர் முழுக்கக் கண்ணாடி, மூலையில் தலை அலச ஒரு தொட்டி. முடி வெட்டுவதும் சாயம் போடுவதும் என் வேலை. புருவம் அவளுடையது. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையிலும் முறுக்கிப் பிடித்தாள் என்றால் நாலு நிமிடத்தில் இரண்டு புருவமும் வில்லாக நிற்கும். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. கடித்த பல்லோடேயே ஊர்க்கதை முழுவதும் பேசுவாள். வெளியாட்களுக்கு அது 'உம் உம்' என்று கேட்கும். எங்கள் வாடிக்கைக்காரர்களுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கும்.

எல்லோருக்கும் அவள் 'நூலக்கா'. ஒரு நாள் யாரோ "நூலக்கா ஃப்ரீயா?" என்று வாசலிலிருந்து குரல் கொடுக்க, புதிதாக வந்து உட்கார்ந்திருந்த பெண் என்னிடம் மெதுவாக, "அவங்க நிறைய புத்தகம் படிப்பாங்களோ?" என்று கேட்டாள்.

"படிச்சிருந்தா நான் ஏம்மா இங்க நின்னு அடுத்தவங்க முடியைப் புடுங்கிட்டிருக்கேன்?" என்றாள் இவள். சிரித்த சிரிப்பில் வாயில் இருந்த நூல் அறுந்துவிட்டது. வாய் கொள்ளாத சிரிப்பு அவளுக்கு. கடைவாய்ப் பல் வரைக்கும் தெரியும்.

முதலில் காட்டிக்கொடுத்தது விரல்கள். எனக்கு ஆள் அதிகமாக இருந்த ஒரு காலையில் அவள் ஒருவருக்குத் தலை அலசிவிட்டு வந்து கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நான்கு விரல்கள் நுனியிலிருந்து பாதி வரைக்கும் சாக்பீஸ் போல வெளுத்திருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலம் ஏறியது. பிறகு சிவந்தது.

"பாத்தியாடி, சிக்னல் லைட் மாதிரி மாறுது."

"தண்ணி ஜில்லுன்னு இருந்திருக்கும். கையைத் தேச்சுக்கோ."

அவ்வளவுதான் நான் சொன்னது.

அதன் பிறகு விரல்கள் வீங்கின. மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்ற வேண்டியிருந்தது. அதே சமயத்தில் முகம் பளபளவென்று ஆனது. அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. நெற்றியில் இருந்த இரண்டு கோடும் இருந்த இடம் தெரியவில்லை. கண்ணோரச் சுருக்கம் ஒன்றும் இல்லை. வாடிக்கைக்காரர்கள் நாற்காலியில் சாய்ந்தபடி அவள் முகத்தைக் கீழிருந்து பார்ப்பார்கள் அல்லவா? எல்லோருக்கும் ஒரே கேள்வி. "என்ன க்ரீம் போடுறீங்க?"

"வீட்டுக்காரரைத் திட்டுறதை விட்டுட்டேன். கோடெல்லாம் தானா போயிடுச்சு" என்பாள். ஒருத்தி விடவில்லை. "பேரைச் சொல்லிடுங்கக்கா, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று கெஞ்சினாள்.

இரண்டு மாதம் கழித்து, விரல் நுனியில் வந்த புண் ஆறவில்லை என்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். போய்விட்டு நேரே மாடியேறி வந்தாள். கைப்பையை வைத்தாள்.

"அந்த க்ரீம் பேரு தெரிஞ்சிடுச்சுடி" என்றாள். "சிஸ்டமிக் ஸ்க்லிரோசிஸ். வாய்ல நுழையல. நாலு தடவை சொல்லிச் சொல்லி மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கேன்."

டாக்டர் அவள் புறங்கைத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கப் பார்த்தாராம். தோல் மேலே வரவே இல்லையாம், எலும்போடு ஒட்டினதுபோல. இது வெறும் தோல் வியாதி இல்லை, உணவுக்குழாய், நுரையீரல், சிறுநீரகம் எல்லாவற்றையும் இறுக்கக்கூடியது, யாருக்கும் தொற்றாது, அடியோடு போகாது, மாத்திரையால் மெதுவாக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். இதை எனக்குச் சொல்லிவிட்டு அவள் நூற்கண்டை எடுத்துக்கொண்டு, காத்திருந்தவளைக் கூப்பிட்டாள். அன்றைக்கு ஒன்பது பேருக்குப் புருவம் எடுத்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் வேலை செய்தாள். வாய் சுருங்கிக்கொண்டே வந்தது. பல்லில் கடித்த நூல் நழுவி விழும். எடுத்துக் கடிப்பாள், மறுபடி விழும். விரல்கள் உள்ளே மடங்க ஆரம்பித்தன. ஒரு நாள் நூல் தப்பி ஒரு பெண்ணின் இமையைக் கீறிவிட்டது. ஒரு பொட்டு ரத்தம்தான். அந்தப் பெண் "பரவாயில்லைக்கா" என்றாள். இவள் தொட்டியருகே போய் முதுகைக் காட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள்.

விரல் நுனியில் எப்போதும் பிளாஸ்திரி. வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். அவள் நாற்காலி காலியாக இருந்தாலும், "இல்ல, நான் வெயிட் பண்றேன்" என்று என் நாற்காலிக்குக் காத்திருப்பார்கள். "தொத்துமா?" என்று என்னிடம் தனியாகக் கேட்பார்கள். "தொத்தாது" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். அதுவரைக்கும் நான் சரியாகத்தான் இருந்தேன்.

ஒரு மதியம் போன் வந்தது. பத்து வருடமாக வருகிற ஒருத்தி. குழைந்து குழைந்து பேசினாள். "தப்பா நினைக்காதீங்க. அவங்க இல்லாத நேரமா ஒண்ணு சொல்லுங்களேன்."

"வெள்ளிக்கிழமை காலையில வாங்க. அன்னைக்கு அவ ஆஸ்பத்திரிக்குப் போயிடுவா" என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அவள் படியில் நின்றுகொண்டிருந்தாள், கையில் இரண்டு டீயோடு. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் குவளைகளை இடுக்கிப் பிடித்திருந்தாள். விரலால் பிடிக்க வராது.

"சூடு ஆறுறதுக்குள்ள குடி" என்றாள்.

மறுநாள் அவள் நாற்காலியில் தன் துண்டைப் போடவில்லை. "நான் போன் எடுக்கிறேன்டி, வர்றவங்க பேரை எழுதிக்கிறேன்" என்றாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு மாதம் அப்படி உட்கார்ந்திருந்தாள். பேனாவும் விரலில் நிற்கவில்லை. பிறகு வரவே இல்லை. நான் போய்க் கூப்பிட்டபோது, "அங்க எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடிடி. ஒவ்வொண்ணுலயும் ஒரு பொம்பளை நிக்கிறா. யாருன்னே தெரியல எனக்கு" என்றாள்.

அவள் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அதிகம் பேசாத மனிதர். 'எங்க வீட்டு டிரைவர்' என்றுதான் அவரைப் பற்றிச் சொல்வாள். ஒரு நாள் காலை, கடை திறக்கும் நேரத்தில், அவர் எங்கள் பார்லர் வாசலில் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"வாங்கண்ணா, என்ன விஷயம்?"

"ஒண்ணும் இல்லம்மா. பின்னல் போடக் கத்துக்கணும்."

அவளால் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. மகள் பள்ளிக்கூடம் போகும் அவசரத்தில் தாறுமாறாகப் போட்டுவிடுகிறாள். நான் பயிற்சிக்கு வைத்திருந்த பொம்மைத் தலையை எடுத்து வைத்தேன். முதல் நாள் அவர் பின்னியது கயிறு முறுக்கினதுபோல இருந்தது. "நாப்பது பசங்களை ஒரு வண்டியில அடக்கிடுறேன், மூணு கால் முடி அடங்க மாட்டேங்குதே" என்று வியர்த்துப்போனார். ஒரு வாரம் விடாமல் வந்தார். கடைசி நாள் போட்ட பின்னலில் நான் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

குளிர்பதனப் பெட்டியை அவளால் திறக்க முடியாது. அந்தக் குளிர் பட்டாலே விரல் செத்துப்போகும். தண்ணீர்க் குழாயைத் திருப்ப முழங்கையைக் கொடுப்பாள். சாப்பிட்டது மேலே ஏறி வரும் என்பதால் தலைமாட்டில் இரண்டு செங்கல் வைத்துக் கட்டிலைச் சரித்திருந்தார்கள். பெரிய கரண்டி வாய்க்குள் போகாது. குழந்தைகளுக்குக் கொடுக்கிற பிளாஸ்டிக் கரண்டியில், மசித்த சோற்றை அரைமணி நேரம் சாப்பிடுவாள்.

இதெல்லாம் அவளுக்குப் பழகிவிட்டது என்றுதான் சொல்வாள். பழகாத ஒன்று இருந்தது. மகளுக்குப் பதினைந்து வயதானபோது, மாவட்ட அளவில் நடந்த ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தாள். பதக்கத்தைக் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தாள். நானும் அன்று அங்கேதான் இருந்தேன்.

"அம்மா! ஃபர்ஸ்டும்மா!"

அவள் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு வருடத்தில் அந்த முகம் முழுவதும் இறுகிவிட்டிருந்தது. மூக்கு கூர்ந்து, உதடு மெலிந்து, ஒரே மாதிரி இருக்கும். சிறுமியின் முகம் வாடியது.

"உனக்குச் சந்தோஷமே இல்லையாம்மா? எது சொன்னாலும் இப்படியே பாக்குற. நான் என்ன பண்ணேன்?"

"சிரிச்சிட்டுத்தான்டி இருக்கேன்" என்றாள் அவள். "உள்ள அவ்வளவு சிரிக்கிறேன். வெளிய வர மாட்டேங்குதுடி கண்ணு."

மகள் பதக்கத்தோடு அவள் மடியில் விழுந்தாள். இத்தனை மாதமாக அம்மா தன்மேல் ஏதோ கோபமாக இருக்கிறாள் என்றே அந்தப் பெண் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அன்றிலிருந்து அவர்கள் இருவரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். சந்தோஷம் என்றால் அம்மா முழங்கையால் இரண்டு தடவை இடிப்பாள். கோபம் என்றால் ஒரு தடவை. "ஒண்ணோட நிறுத்திட்டா நான் ஓடிடுவேன்" என்று மகள் என்னிடம் சொல்வாள்.

அடையாள அட்டையைப் புதுப்பிக்க அவளை அழைத்துப்போன கதையை அவள் கணவர் ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னார். கருவியில் விரலை வைத்தால் ரேகை விழவில்லை. பத்து விரலையும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றும் இல்லை, வழவழவென்று இருக்கிறது. சரி, பழைய படத்தோடு ஒப்பிடலாம் என்று பார்த்த அலுவலர், படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுல இருக்கிறவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்றாராம்.

"இவதான் சார். இருபது வருஷமா என்கூட இருக்கா. எனக்குத் தெரியாதா?" என்று அவர் கத்தியிருக்கிறார். கத்திப் பழக்கமில்லாத மனிதர். வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். இவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "விடுங்க, அவர் மேல தப்பு இல்ல" என்றிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை எங்கள் கடைக்கு விடுமுறை. அன்றைக்கெல்லாம் நான் அவள் வீட்டில் இருப்பேன். வெதுவெதுப்பான மெழுகில் கையை முக்கி எடுத்தால் விரல் கொஞ்சம் இளகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மெழுகு உருக்குகிற சட்டி என்னிடம் இருந்தது, பக்குவமும் தெரியும். அவள் கை இரண்டையும் முக்கி, துணி சுற்றி என் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யார் வந்தார்கள், யார் மகளுக்கு என்ன ஆயிற்று என்று எல்லாம் கேட்பாள். வெள்ளிக்கிழமை வந்த அந்தப் பெண்ணைப் பற்றியும் கேட்பாள். "அவ இடது புருவத்துல ஒரு சுழி இருக்கும், பாத்து எடு" என்பாள்.

அப்படியொரு செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் கூப்பிட்டிருந்தார்கள். அவள் கணவருக்கு வேன் ஓட்டுகிற வேலை இருந்ததால் நான் கூடப் போனேன். இளவயது நர்ஸ் ஒருத்தி நாலைந்து தாள்களோடு வந்து உட்கார்ந்தாள். இந்த நோய் உள்ளவர்களின் வாழ்க்கைத் தரம் எப்படி இருக்கிறது என்று கணக்கெடுக்கிறார்களாம்.

"நான் ஒண்ணொண்ணா கேக்கிறேங்க. கஷ்டம் இல்ல, கொஞ்சம் கஷ்டம், ரொம்பக் கஷ்டம், முடியவே முடியாது. இதுல ஒண்ணு சொல்லணும். சட்டைக்குப் பட்டன் போட முடியுதா?"

"கொஞ்சம் கஷ்டம்."

"தலை வாரிக்க?"

"கொஞ்சம்."

"பாட்டில் மூடி திறக்க?"

"கொஞ்சம்."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏண்டி பொய் சொல்ற? எது உன்னால முடியுது இதுல?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இருக்கட்டும்டி. முடியவே முடியாதுன்னு என் வாயால ஒரு தடவை சொல்லிட்டா அப்புறம் நாளைக்கு நான் கையை நீட்டிக்கூடப் பாக்க மாட்டேன்."

நர்ஸ் பேனாவைப் பிடித்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தாள். பிறகு அடுத்ததைப் படித்தாள். "உங்க தோற்றத்தை நினைச்சு, மத்தவங்களைப் பாக்கிறதைத் தவிர்க்கிறீங்களா?"

"நான் தவிர்க்கல" என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

நர்ஸ் எதையோ குறித்துக்கொண்டாள். வெளியே வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்ததும் நான் அழுதுவிட்டேன். மூன்று வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது. அன்னைக்கு அந்தப் போனில் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றேன்.

"சொல்லியிருக்கக் கூடாதுதான்" என்றாள் அவள். மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "எனக்கு வலிச்சுதுடி. தோல் இறுகினது, விரல் புண்ணானது எல்லாம் ஒரு பக்கம். அது தனியா வலிச்சுது. ஆனா நீ செவ்வாய்க்கிழமை வராம இருந்துடாதே" என்றாள். அப்போதுதான் எனக்கு முழங்கையால் ஒரு இடி விழுந்தது. ஒன்றுதானா, இரண்டா என்று நான் காத்திருந்தேன். இரண்டாவதும் விழுந்தது.

மகளுக்கு விளையாட்டுக் கல்லூரியில் இடம் கிடைத்து வெளியூர் கிளம்பியபோது அவள் ஆக்சிஜன் இயந்திரத்தோடு இருந்தாள். நுரையீரல் இறுகிவிட்டிருந்தது. கட்டிலிலிருந்து கதவு வரைக்கும் பத்தடி. அதற்குள் மூன்று தடவை நிற்பாள். மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து குனிந்தாள். அம்மா முத்தம் கொடுக்கப் பார்த்தாள். உதடு குவியவில்லை. மறுபடி பார்த்தாள். வரவில்லை. கன்னத்தைக் கன்னத்தோடு வைத்து அழுத்திக்கொண்டாள். அந்தப் பெண் நகரவே இல்லை. வேன் ஹாரன் அடிக்கிற வரைக்கும் அப்படியே குனிந்து நின்றது.

அதற்குப் பிறகு நான்கு மாதம். ஒரு வியாழக்கிழமை, ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்து ஆறாவது நாள். மத்தியானம் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குப் போயிருந்தார். மூச்சு வாங்குவது மாறியது. நர்ஸ் ஓடி வந்தாள், டாக்டர் வந்தார். நான் போனை எடுத்தேன். அவள் பார்த்துவிட்டாள். ஆக்சிஜன் முகமூடியை ஒதுக்கச் சொல்லிக் கண்ணால் காட்டினாள்.

"அவருக்குப் பண்ணாதே" என்றாள். "வண்டியில பசங்க இருப்பாங்க."

போனைப் பைக்குள் வைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டேன். மூன்றரைக்கு எல்லாம் முடிந்துவிட்டது. வயது நாற்பத்தைந்து.

எல்லாப் பிள்ளைகளையும் இறக்கிவிட்டிருப்பார் என்று கணக்குப் போட்டு நாலரைக்குத்தான் அவரைக் கூப்பிட்டேன். என் கணக்குத் தப்பிவிட்டது. அன்றைக்கு வழியில் எங்கோ ஒரு மரம் விழுந்து சுற்றிப் போயிருக்கிறார்கள். வண்டியில் இன்னும் பதினொரு பிள்ளைகள் இருந்தார்கள். ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் போனை எடுத்தார். நான் சொன்னேன். பின்னால் பிள்ளைகள் கத்திப் பாடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. "சரிம்மா" என்றார். வைத்துவிட்டார்.

பதினொரு பேரையும் அவரவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். சாலையைக் கடக்க வேண்டிய ஒரு சின்னக் குழந்தையைக் கையைப் பிடித்துக் கடத்திவிட்டார். ஒரு தாய் வாசலில் நின்றுகொண்டு, "ஏன் இவ்வளவு லேட்?" என்று சிடுசிடுத்திருக்கிறாள். "மரம் விழுந்திடுச்சும்மா" என்றிருக்கிறார். கடைசிக் குழந்தை டாட்டா காட்டியதற்கு இவரும் டாட்டா காட்டிவிட்டு வண்டியைத் திருப்பியிருக்கிறார்.

ஆறு மணிக்கு அறைக்குள் வந்தார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார். நான் எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன். உட்காரவில்லை. தலைமாட்டில் நின்று, ஆறு நாளாகக் கலைந்து சிக்குப் பிடித்துக் கிடந்த முடியைப் பார்த்தார்.

"சீப்பு இருக்காம்மா?" என்றார்.

என் பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவர் சிக்கெடுக்க ஆரம்பித்தார். நுனியிலிருந்து, மெதுவாக.